முடி இறக்கிய பிறகு ஒரு சுமோ மல்லர் என்ன ஆகிறார்?

ஒரு சுமோ மல்லர் ஓய்வு பெற்றுவிட்டாரா இல்லையா என்று தெரிய வேண்டுமானால் அவர் தலையைப் பார்த்தால் போதும். குடுமி இருந்தால் அவர் இன்னும் முழுசாக வெளியே வரவில்லை. குடுமி போய்விட்டால் எல்லாம் முடிந்தது. கிரிக்கெட்டில் ஓய்வை அறிவித்துவிட்டு மனசு மாறித் திரும்பி வந்தவர்கள் உண்டு, குத்துச்சண்டையில் கேட்கவே வேண்டாம். சுமோவில் திரும்பி வருவது என்ற பேச்சே கிடையாது. ஒருமுறை ஓய்வு என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த மண்மேடையில் போட்டிக்காக இனி எப்போதும் ஏற முடியாது.

சுமோவைத் தொலைக்காட்சியில் துண்டு துண்டாகப் பார்த்துவிட்டு, இரண்டு பெரிய உடம்புகள் மோதிக்கொள்ளும் விளையாட்டு என்று மட்டும் நினைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மோதல் சில நொடிகள்தான், பல ஆட்டங்கள் பத்து நொடிக்குள் முடிந்துவிடும். ஆனால் பதினைந்து வயதில் உள்ளே போன ஒரு பையன் முப்பத்தைந்து வயதில் வெளியே வரும்போது அவனிடம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்தால்தான் அது எப்படிப்பட்ட உலகம் என்பது புரியும்.

முதலில் கொஞ்சம் அடிப்படை. தொழில்முறை சுமோவில் ஏறத்தாழ அறுநூறு மல்லர்கள் இருக்கிறார்கள், ஆறு அடுக்குகளாக. மேலே உள்ள இரண்டு அடுக்குகளில், அதாவது மகுவுச்சியில் 42 பேர், ஜுர்யோவில் 28 பேர், ஆக 70 பேருக்கு மட்டும்தான் மாதச் சம்பளம். இவர்களைச் செகித்தோரி என்பார்கள். மீதிப் பேர் குருகுலம் மாதிரியான ஒரு கூடத்தில், ஜப்பானிய மொழியில் ஹேயா என்று பெயர், ஒன்றாகத் தூங்கி, சமைத்து, பெருக்கி, மூத்தவர்களுக்கு முதுகு தேய்த்துவிட்டு வாழ்கிறார்கள். சாப்பாடும் இடமும் இலவசம், கையில் வருவது சொற்பம். வருஷத்துக்கு ஆறு பெரிய தொடர்கள். செகித்தோரிகள் ஒவ்வொரு தொடரிலும் 15 நாள் மோதுவார்கள், எட்டு வெற்றி வந்தால் தரவரிசையில் ஏறலாம், எட்டுத் தோல்வி வந்தால் இறங்க வேண்டியதுதான். காயம்பட்டுப் படுத்துக் கிடந்தாலும் இறக்கம் நிற்காது.

இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து முழு விலக்கு ஒரே ஒருவருக்குத்தான். உச்சியில் இருக்கும் யோகோசுனா. அவரை யாரும் கீழே இறக்க மாட்டார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதன் மறுபக்கம் கொடுமையானது: இறங்க வழியில்லாதவருக்கு விலகுவது ஒன்றுதான் வழி. மற்றவர்கள் தோற்றுக் கீழே போய், உடம்பைத் தேற்றிக்கொண்டு, மறுபடி மேலே வரலாம். தெருனோஃபுஜி அப்படித்தான் வந்தார். இரண்டாம் நிலையான ஒசெகியாக இருந்தவர், முழங்கால்களும் சர்க்கரை நோயும் சேர்ந்து சாய்த்துவிட, 2019-இல் கடைசிக்கு முந்தைய அடுக்கு வரை இறங்கிப் போனார். விலகிவிடுகிறேன் என்று குருவிடம் பலமுறை போய் நின்றார், குரு விடவில்லை. 2020-இல் மேல் அடுக்குக்குத் திரும்பி வந்து கோப்பையை வென்று, 2021-இல் யோகோசுனாவே ஆகிவிட்டார். யோகோசுனா ஆன பிறகு அவருக்கும் அந்தப் பழைய வழி அடைபட்டுப் போனது. முழங்கால் மறுபடி கைவிட்டதும் 2025 ஜனவரியில் விலகிவிட்டார்.

சியோனோஃபுஜி விலகியதையும் சொல்ல வேண்டும். 31 கோப்பைகளை வென்றவர், ஒரு தலைமுறையே அவரைப் பார்த்துத்தான் சுமோவுக்குள் வந்தது. 1991 மே மாதத் தொடரின் முதல் நாளில் தகாஹனாடா என்ற பதினெட்டு வயதுப் பையனிடம் தோற்றார். மூன்றாம் நாள் இன்னொரு தோல்வி. உடல் வலுவின் எல்லைக்கு வந்துவிட்டேன் என்று பத்திரிகையாளர்கள் முன்னால் கண்ணீரை அடக்கிக்கொண்டு அவர் சொன்ன வார்த்தைகளை ஜப்பானில் இன்றைக்கும் நினைவு வைத்திருக்கிறார்கள். அந்தப் பையன் பின்னாளில் தகானோஹனா என்ற பெயரில் யோகோசுனா ஆனார்.

சரி, விலகியாயிற்று. அடுத்தது முடி.

மல்லர்களின் தலைமுடியை வாசனை மெழுகு தடவி வாரிக் குடுமியாக முடிவதற்கென்றே தோகொயாமா என்ற முடி அலங்காரக் கலைஞர்கள் இருக்கிறார்கள். செகித்தோரி ஆகிவிட்டால் விசேஷ நாட்களில் குடுமியின் நுனியை கிங்கோ மரத்தின் இலைபோல விசிறியாக விரித்துவிடுவார்கள். சேர்ந்த புதிதில் முடி நீளமாக இல்லாத பையன்கள் குடுமி கட்டும் நாளுக்காகக் காத்திருப்பார்கள். அப்படி வளர்த்த குடுமியை அறுக்கும் சடங்குக்குத் தன்பட்சு ஷிகி என்று பெயர். பெரிய மல்லர் என்றால் டோக்கியோவில் ரியோகோக்கு பகுதியிலுள்ள கொகுகிகான் அரங்கத்தில், போட்டிகள் நடக்கும் அதே மண்மேடையில் நடக்கும். அன்றைக்கு முழுநாள் நிகழ்ச்சி: மத்தளம், சுமோப் பாட்டு, குடுமி கட்டும் செய்முறை, சிரிக்கவைக்கும் வேடிக்கை மல்யுத்தம் எல்லாம் இருக்கும். விலகுபவர் யோகோசுனாவாக இருந்தால் வெள்ளைக் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு கடைசியாக ஒருமுறை மேடையேறுவார். சிலர் தங்கள் சின்ன மகனுடன் மோதித் தோற்றுக்கொடுத்து மேடையை விட்டு இறங்குவார்கள்.

அப்புறம் மேடை நடுவில் ஒரு நாற்காலி. விலகுபவர் சடங்குக்குரிய கிமோனோவில் அசையாமல் உட்கார்ந்திருக்க, பக்கத்தில் நடுவர் நிற்பார். ஆதரவாளர்கள், நண்பர்கள், சக மல்லர்கள், பழைய எதிரிகள் என்று சில நூறு பேர் ஒவ்வொருவராக ஏறி வந்து தங்க முலாம் பூசிய கத்தரிக்கோலால் சில இழைகளை மட்டும் வெட்டுவார்கள். தோளைத் தொடுவார்கள், காதில் ஏதோ சொல்வார்கள், இறங்கிப் போவார்கள். கடைசி வெட்டு குருவுடையது. மொத்தக் குடுமியையும் அறுத்துத் தனியே எடுத்துவிடுவார். அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த பலர் உடைந்து அழுவது அந்த நொடியில்தான். பிறகு உள்ளே போய் முடியைத் திருத்தி, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு திரும்பி வருவார், கூட்டம் ஆவென்று வாய்பிளக்கும், ஏனென்றால் அந்த ஆளை அப்படி யாரும் பார்த்திருக்கவே மாட்டார்கள்.

இதில் என்னால் ஏற்றுக்கொள்ள முடியாதது ஒன்று உண்டு. மண்மேடையில் பெண்கள் ஏறக்கூடாது என்ற வழக்கம் இந்தச் சடங்குக்கும் பொருந்தும். மல்லரைப் பெற்றவளும் மனைவியும் மேடைக்குக் கீழேதான் நிற்க வேண்டும், ஊரில் யார் யாரோ ஏறி முடியை வெட்ட. ஓட்டலில் சடங்கை வைத்துக்கொள்பவர்களுக்கு இந்தத் தடை இல்லை, அங்கே அம்மாவும் ஒரு வெட்டு வெட்டலாம்.

அறிவிப்புக்கும் முடி அறுப்புக்கும் நடுவில் பல மாதங்கள் ஓடிவிடும், அரங்கம் கிடைக்க வேண்டும், ஏற்பாடுகள் நடக்க வேண்டும். ஹக்குஹோ 2021 செப்டம்பர் கடைசியில் விலகினார், முடி அறுத்தது 2023 ஜனவரி 28. அந்தப் பதினாறு மாதமும் அவர் குடுமியோடுதான் வேலை பார்த்தார், சுமோச் சங்கத்தின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு அரங்கத்தில் பாதுகாப்புப் பணியில் நின்றபோதும். ஆமாம், 45 கோப்பைகளை வென்ற மனிதர், வரலாற்றிலேயே வேறு யாருக்கும் இல்லாத எண்ணிக்கை அது, மல்லர்கள் வந்துபோகும் நடைபாதை ஓரத்தில் கூட்டத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். புதிதாக ஓய்வு பெற்றுச் சங்கத்தில் தங்கும் எல்லோருக்கும் முதல் வேலை அதுதான்.

சங்கத்தில் தங்குவது என்றேன் இல்லையா, இந்தக் கட்டுரையின் மையமே அதுதான். ஜப்பான் சுமோச் சங்கத்தில் மூத்தோர் பதவிப் பெயர்கள் 105 இருக்கின்றன. பழைய காலத்துப் பெயர்கள்: மியாகினோ, கொகொனோயே, இசேகஹாமா, நிஷோனோசெகி, மகாகி, இப்படி. மல்லராக இருந்தபோது வைத்துக்கொண்ட பெயரைக் கழற்றி வைத்துவிட்டு இதில் ஒன்றை ஏற்றுக்கொள்பவர் ஒயகாத்தா ஆகிறார். நம் மடங்களில் பட்டத்துக்கு வருபவர்கள் பூர்வாசிரமப் பெயரை விட்டுவிட்டுப் பட்டப்பெயரை ஏற்பதை நினைத்துக்கொண்டால் சட்டென்று புரியும். பெயர் நிரந்தரம், அதைச் சுமக்கும் ஆள் மாறிக்கொண்டே இருப்பார். ஒயகாத்தாவுக்கு 65 வயது வரை வேலை உறுதி, மாதச் சம்பளம் உறுதி. 2014-க்குப் பிறகு விரும்பினால் குறைந்த சம்பளத்தில் 70 வரை ஆலோசகராகத் தொடரலாம். பயிற்சி கொடுப்பது, கறுப்புக் கிமோனோவில் மேடைக்குக் கீழே நீதிபதியாக உட்கார்வது, தொடர்களை நடத்துவது, சங்கத்தின் நிர்வாகம், எல்லாமே இவர்கள் கையில்தான். சுமோவை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் பழைய மல்லர்கள்தான்.

ஆனால் 105 பெயர்கள், அதற்கு மேல் கிடையாது. அதனால் வாசலில் கெடுபிடி. கொமுசுபி என்ற பதவியையோ அதற்கு மேலேயோ ஒரு தொடரிலாவது எட்டியிருக்க வேண்டும், அல்லது மகுவுச்சியில் 20 தொடர்கள், அல்லது செகித்தோரியாக மொத்தம் 30 தொடர்கள் ஆடியிருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் ஒரு கூடத்தை ஏற்று நடத்த வருபவருக்குக் கொஞ்சம் தளர்வு உண்டு. தானே புதிதாகக் கூடம் தொடங்க வேண்டுமென்றால் வரம்பு இன்னும் உயரும். தகுதி இருந்தும் பெயர் காலியாக இல்லையென்றால் என்ன செய்வது? யாராவது விலகும்வரை வேறொருவர் வசமிருக்கும் பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு காலம் தள்ளுவார்கள். யோகோசுனாவாக இருந்தவர் ஐந்து ஆண்டுகள் வரை, ஒசெகியாக இருந்தவர் மூன்று ஆண்டுகள் வரை, தன் மல்லர் பெயரிலேயே சங்கத்தில் இருந்துகொண்டு பெயர் தேடலாம்.

இந்தப் பெயர்களுக்கு ஒரு காலத்தில் சந்தை விலையே இருந்தது, பத்துக் கோடி யென்னைத் தாண்டிய பேரங்களெல்லாம் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. யோகோசுனா வஜீமா 1980-களில் தன் பெயரை அடமானமாக வைத்துக் கடன் வாங்கிய விவகாரம் வெடித்து, சங்கத்தை விட்டே வெளியேற வேண்டி வந்தது. பிறகு அவர் தொழில்முறை ரெஸ்லிங்குக்குப் போனார். 2014-இல் சங்கம் பொதுநல அறக்கட்டளையாகப் பதிவானபோது பெயர்கள் எல்லாம் சங்கத்தின் பொறுப்பில் வந்தன, விற்பதும் வாங்குவதும் தடையானது.

பெயர் எப்படிக் கைமாறுகிறது என்பதற்கு ஹக்குஹோவே நல்ல உதாரணம். விலகியதும் மகாகி என்ற பெயரை ஏற்றார். அவருடைய குரு மியாகினோ. 2022-இல் குருவுக்கு 65 நெருங்கியது. ஜூலையில் இருவரும் பெயரை மாற்றிக்கொண்டார்கள்: சீடர் மியாகினோ ஆனார், கூடத்தின் தலைமையும் அவருக்கு வந்தது, குரு மகாகி ஆகி அதே கூடத்தில் ஆலோசகராக இருந்தார். ஆறு மாதம் கழித்து அந்தக் குருதான் மேடையேறி அவருடைய குடுமிக்குக் கடைசி வெட்டு வெட்டினார்.

வெளிநாட்டவர்களுக்கு இன்னொரு வாசல் இருக்கிறது, அது இன்னும் குறுகல். ஒயகாத்தா ஆக ஜப்பானியக் குடியுரிமை வேண்டும், இந்த விதி 1976-இலிருந்து இருக்கிறது. ஜப்பான் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை, ஆகவே பிறந்த நாட்டின் குடியுரிமையைத் துறக்க வேண்டும். ஹவாயின் மாவி தீவிலிருந்து வந்த தகாமியாமாதான் இந்தப் பாதையில் முதலில் நடந்தவர். 1972-இல் மேல் அடுக்குக் கோப்பையை வென்ற முதல் வெளிநாட்டுக்காரர் அவர். 1980-இல் ஜப்பானியராகி, 1984-இல் விலகி, 1986-இல் அசுமாசெகி என்ற பெயரில் சொந்தக் கூடம் தொடங்கினார். அங்கே வளர்ந்த ஹவாய்ப் பையன் அகெபோனோ 1993-இல் முதல் வெளிநாட்டு யோகோசுனா ஆனார். குருவின் வரலாறும் சீடரின் வரலாறும் விலகிய பிறகு எப்படிப் பிரிந்தன என்று பாருங்கள். குரு 65 வயதுவரை சங்கத்திலேயே இருந்து கௌரவமாக ஓய்வு பெற்றார். அகெபோனோ 2001-இல் மல்யுத்தத்திலிருந்து விலகி, 2003 நவம்பரில் சங்கத்தை விட்டும் போய், அந்த வருஷத்தின் கடைசி இரவில் கே-1 சண்டை மேடையில் பாப் சாப் என்பவரிடம் முதல் சுற்றிலேயே குப்புற விழுந்தார். பார்த்தவர்களுக்கு மறக்கவே முடியாத காட்சி அது, ஒரு யோகோசுனா அப்படிக் கிடந்ததை ஜப்பான் அதற்கு முன் கண்டதில்லை. பணத்துக்காகப் போனார் என்று ஒரே வரியில் தள்ளிவிடுபவர்கள் உண்டு, நான் அப்படிப் பார்க்கவில்லை. முப்பத்து நான்கு வயது மனிதர், குடும்பம் இருக்கிறது, உடம்பு ஒன்றுதான் மூலதனம். பிறகு ரெஸ்லிங்கில் நன்றாகவே பெயர் எடுத்தார். 2017-இல் இதயம் பழுதாகி விழுந்தவர் அதன்பின் பழையபடி எழவில்லை, 2024 ஏப்ரலில் 54 வயதில் இறந்தார்.

அதே ஹவாயிலிருந்து வந்த கொனிஷிகி வேறு மாதிரி. 280 கிலோவைத் தாண்டிய உடம்பு, முதல் வெளிநாட்டு ஒசெகி. 1997-இல் விலகி, ஒயகாத்தாவாகச் சில மாதங்கள் இருந்து பார்த்துவிட்டு, 1998-இல் வெளியேறி, பாட்டு, மேடை, தொலைக்காட்சி என்று புது வாழ்க்கை அமைத்துக்கொண்டார். குழந்தைகள் நிகழ்ச்சியில் அவரைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறைக்கு அவர் மல்லராக இருந்தார் என்பதே அப்பா அம்மா சொல்லித்தான் தெரியும். எஸ்தோனியாவின் பாருத்தோவும் ஒசெகிதான், 2013-இல் விலகி ஊருக்குத் திரும்பி, 2019-இல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். மங்கோலியாவின் அசாஷோர்யு 25 கோப்பைகளை வென்றவர், மது அருந்திய இரவில் ஒருவரைத் தாக்கியதாக எழுந்த புகாரையடுத்து 2010 பிப்ரவரியில் விலகினார். குடியுரிமை மாற்றிக்கொள்ளாதவர், சங்கத்தில் அவருக்கு இடம் கிடையாது, மங்கோலியாவுக்குப் போய்த் தொழிலில் இறங்கினார்.

ஹக்குஹோ 2019-இல் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். அவருடைய அப்பா 1968 ஒலிம்பிக்கில் மங்கோலியாவுக்காக மல்யுத்தத்தில் வெள்ளி வென்றவர் என்பதை வைத்துப் பார்த்தால் அந்த முடிவு எவ்வளவு கனமானது என்று தெரியும். ஒயகாத்தா ஆகி ஒரு தலைமுறையைப் பயிற்றுவிக்கத்தான் அதைச் செய்தார். 2024-இல் அவருடைய சீடர் ஒருவர் இளையவர்களை அடித்துத் துன்புறுத்தியது வெளியே வந்தது, மேற்பார்வை சரியில்லை என்று ஹக்குஹோவுக்குப் பதவியிறக்கம், கூடம் மூடல், சீடர்களோடு இசேகஹாமா கூடத்துக்கு மாற்றம். 2025 ஜூனில் அந்த இசேகஹாமா கூடத்துக்கு யார் தலைவராக வந்தார் தெரியுமா? தெருனோஃபுஜி. 2021 ஜூலையில் ஹக்குஹோ தன் கடைசித் தொடரின் கடைசி நாளில் தோற்கடித்து 45-வது கோப்பையை எடுத்தது அவரிடமிருந்துதான். அதே நேரத்தில் ஹக்குஹோ சங்கத்திலிருந்து விலகிவிட்டார், சுமோவை உலகெங்கும் கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்லி. அடிபட்ட சின்னப் பையன்களின் பக்கம்தான் முதலில் நிற்க வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. இருந்தாலும் இவ்வளவு பெரிய அறிவு சங்கத்துக்கு வெளியே போய்விட்டதே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஒயகாத்தா வாழ்க்கை நன்றாக அமைந்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் கிசெனோசாட்டோ. 2017 ஜனவரித் தொடருக்குப் பிறகு யோகோசுனா ஆனார். அடுத்த தொடரிலேயே இடது மார்புப் பக்கம் கடும் காயம், அந்தக் காயத்தோடு கடைசி நாளில் அடுத்தடுத்து இரண்டு முறை ஜெயித்துக் கோப்பையை எடுத்தார். அதன் விலையை அடுத்த இரண்டு வருஷமும் கொடுத்தார், 2019 ஜனவரியில் விலகினார். பதினைந்து வயதில் பள்ளியை விட்டுச் சுமோவுக்கு வந்தவர், விலகியபின் வசேதா பல்கலைக்கழகத்தில் விளையாட்டு அறிவியல் முதுகலைப் படிப்பில் சேர்ந்து, ஒரு கூடத்தை எப்படி நடத்தலாம் என்பதையே ஆய்வாக எழுதி 2021-இல் முடித்தார். எழுதியதைக் கட்டியும் காட்டினார்: இபராகி மாகாணத்தில், டோக்கியோ நெரிசலுக்கு வெளியே, ஒன்றுக்குப் பதில் இரண்டு பயிற்சி மேடைகளோடு ஒரு கூடம். அங்கே 2023-இல் சேர்ந்த ஓனோசாட்டோ 2025-இல் யோகோசுனா ஆகிவிட்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் பெயர் தெரிந்தவர்களின் கதை. சேர்பவர்களில் பெரும்பாலானோர் செகித்தோரி ஆகாமலே வெளியேறுகிறார்கள். மாதச் சம்பளம் கிடையாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொடர் நடக்கும்போது அடுக்கைப் பொறுத்து ஏறத்தாழ 77,000 யென்னிலிருந்து 1,65,000 யென் வரை படி கிடைக்கும். ஜுர்யோவுக்கு ஏறிவிட்டவருக்கு மாதம் 11 லட்சம் யென். அந்த ஒரு படிக்கட்டுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். கீழே இருப்பவர் கல்யாணம் செய்துகொண்டு வெளியே குடும்பம் நடத்துவதும் வழக்கமில்லை, எல்லோரோடும் ஒரே பெரிய அறையில்தான் படுக்கை. ஆகவே அவர் விலகும் நாளில் சம்பளமோ வீடோ எதையும் இழக்கவில்லை, ஏனென்றால் முதலிலிருந்தே அவருக்கு எதுவும் இல்லை. பலருக்குப் படிப்பும் ஒன்பதாம் வகுப்போடு சரி. வாடகைக்கு வீடு பிடிப்பது, வங்கிக் கணக்கு, வேலைக்கு விண்ணப்பம், ரயிலில் கோட்டு போட்டுக்கொண்டு தனியாகப் போவது என்று மற்றவர்கள் இருபது வயதில் கற்றதை இவர்கள் முப்பதில் கற்கிறார்கள். மல்லராக இருக்கும்வரை கார் ஓட்டவும் அனுமதியில்லை என்பதால் ஓட்டுநர் உரிமம் வாங்குவது பலருக்கு விலகியபிறகுதான்.

அவர்களில் சிலருக்குச் சங்கத்திலேயே சின்ன வேலைகள் உண்டு, இளையவர்களை மேற்பார்வை பார்ப்பது, பொருட்களை ஏற்றி இறக்குவது மாதிரி. அந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மீதிப் பேருக்கு வெளி உலகம்தான். பழைய காலத்திலிருந்தே இருக்கும் வழி சான்கோ உணவகம். சான்கோ என்பது மல்லர்கள் சாப்பிடும் கோழி, மீன், காய்கறி, டோஃபு எல்லாம் போட்டுக் கொதிக்கவைத்த பெரிய பானைச் சாப்பாடு. கூடத்தில் சமைப்பது இளையவர்களின் வேலை என்பதால் பத்து வருஷம் மேலே ஏற முடியாமல் கீழேயே இருந்தவர் கை தேர்ந்த சமையல்காரராக ஆகியிருப்பார். ரியோகோக்கு தெருக்களில் இப்படிப்பட்ட கடைகளைப் பார்க்கலாம். ஆனால் கடை வைக்கக் காசு வேண்டும், சமையல் தெரிந்த எல்லோருக்கும் வியாபாரம் கைகூடுவதும் இல்லை.

இப்போது நிறையப் பேர் முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறார்கள், எனக்கு இது மிகப் பொருத்தமாகப் படுகிறது. படுக்கையில் இருப்பவரை நோகாமல் தூக்கி உட்காரவைக்கத் தெரிந்த கை வேண்டும், அது இருக்கிறது. பெரியவர்களைக் குளிப்பாட்டிவிடக் கூச்சப்படாத பழக்கம் வேண்டும், மூத்த மல்லர்களுக்கு முதுகு தேய்த்து அதுவும் இருக்கிறது. ஜப்பானின் தாத்தா பாட்டிகளுக்குச் சுமோ என்றால் உயிர். முன்னாள் மல்லர் வந்து கையைப் பிடித்தால் முகம் மலர்ந்துவிடும்.

இத்தனைக்கும் நடுவில் விலகாமலே இருந்தவர்களும் உண்டு. ஹனகாஸே என்றொருவர் 1986-இல் சேர்ந்தார், செகித்தோரி ஆகவே இல்லை, 2022 ஜனவரியில் விலகியபோது அவருக்கு வயது 51. முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் கீழ் அடுக்குகளில் இருபது வயதுப் பையன்களோடு மோதிக்கொண்டிருந்தார். அவர் ஏன் அவ்வளவு காலம் இருந்தார் என்று கேட்பதைவிட வெளியே போனால் என்ன இருக்கிறது என்று கேட்டால் பாதி புரிந்துவிடும், மீதிப் பாதி அந்த விளையாட்டின் மேலிருந்த பிரியமாகத்தான் இருக்க வேண்டும்.

உடம்பைப் பற்றிச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. மேல் அடுக்கு மல்லர்கள் பொதுவாக 150, 160 கிலோ. காலையில் வெறும் வயிற்றில் பயிற்சி, மதியம் வயிறு முட்டச் சாப்பாடு, உடனே தூக்கம், இதுதான் எடை ஏற்றும் முறை. அந்த எடையைத் தசை தாங்கிக்கொண்டிருக்கும், காரணம் தினமும் பயிற்சி இருக்கிறது. விலகிய மறுநாள் பயிற்சி நிற்கும், பசி நிற்காது. சர்க்கரை, ரத்த அழுத்தம், முழங்கால், இதயம் என்று வரிசையாக வர ஆரம்பிக்கும். அரை மீட்டருக்கு மேல் உயரமான மண்மேடையிலிருந்து அத்தனை எடையோடு வருஷம் முழுக்க விழுந்த முழங்கால்கள் அவை. அதனால் விலகியதும் பலர் செய்யும் முதல் காரியம் சாப்பாட்டைக் குறைப்பதுதான், சில வருஷத்தில் நாற்பது ஐம்பது கிலோ இறங்கி அடையாளமே தெரியாமல் போனவர்கள் இருக்கிறார்கள். கொனிஷிகி 2008-இல் இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். இன்னொரு ஹவாய் யோகோசுனா முசாஷிமாருவுக்குச் சிறுநீரகம் செயலிழந்தபோது 2017-இல் தன் சிறுநீரகத்தில் ஒன்றைக் கொடுத்தவர் அவருடைய மனைவி. முசாஷிமாரு இன்று ஒயகாத்தாவாக ஒரு கூடத்தை நடத்துகிறார்.

இப்படி இருக்கும்போது, ஒரு யோகோசுனா அறுபது வயதைத் தொட்டால் அதைக் கொண்டாடத் தனிச் சடங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில் ஆச்சரியம் இல்லை. வெள்ளைக் கயிற்றுக்குப் பதில் சிவப்புக் கயிறு. குடுமி இல்லாத, கிராப்பு வெட்டிய தலையோடு, அரைக்கச்சை கட்டி, அந்தச் சிவப்புக் கயிற்றை இடுப்பில் சுற்றி, மறுபடி ஒரே ஒருமுறை மண்மேடையில் ஏறிக் காலைத் தூக்கி ஊன்றலாம். போட்டிக்காக இல்லை, அந்த நாளுக்காக.

2015 மே 31 அன்று கொகுகிகானில் சியோனோஃபுஜி அதைச் செய்தார். கொகொனோயே ஒயகாத்தாவாகச் சீடர்களை வளர்த்துக்கொண்டிருந்த காலம். அறுபது வயது என்று நம்ப முடியாத தோள்கள் அப்படியே இருந்தன, கயிறு மட்டும் சிவப்பு. அவருக்கு முன்னும் பின்னும் துணையாக மேடையேறியவர்கள் அப்போது களத்தில் இருந்த யோகோசுனாக்களில் இருவர், ஒருவர் ஹருமாஃபுஜி, வாளை ஏந்தி வந்த மற்றவர் ஹக்குஹோ. அடுத்த வருஷம் ஜூலையில் சியோனோஃபுஜி கணையப் புற்றுநோயால் இறந்தார். 2017 நவம்பரில் சக மல்லர் ஒருவரை அடித்த விவகாரத்தில் ஹருமாஃபுஜி விலகி, மங்கோலியாவில் பள்ளிக்கூடம் நடத்தப் போய்விட்டார். இப்போது ஹக்குஹோவும் சங்கத்தில் இல்லை. கொகொனோயே என்ற பெயர் மட்டும் இருக்கிறது, சியோனோஃபுஜியின் சீடர் ஒருவர் அதை ஏற்று அந்தக் கூடத்தை நடத்துகிறார்.